ஒட்டுப்போட்ட கேமரா, கறுப்பு வெள்ளைக் காடு! - மா.கிருஷ்ணன் என்கிற மயிலாப்பூர்க்காரரின் கதை

டிசம்பர் வந்துட்டா போதும். ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம் பக்கம் ஞாயிற்றுக்கிழமை விடியறதுக்கு முன்னாடியே முதுகுல பையும் கையில நீளமான லென்ஸுமா சிலர் கிளம்பிடுவாங்க. கொஞ்ச பேர் பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்கு. கொஞ்ச பேர் ஜி.எஸ்.டி ரோட்டைப் பிடிச்சு, செங்கல்பட்டு தாண்டி, படாளத்துல திரும்பி வேடந்தாங்கலுக்கு. மதியத்துக்குள்ள வாட்ஸ்அப் குரூப்ல படங்கள் வந்து விழும். கூடவே பேச்சும் சூடுபிடிக்கும். என்ன லென்ஸ், எத்தனை மெகாபிக்ஸல், ஃபுல் ஃப்ரேமா, மீடியம் ஃபார்மட்டா?

படத்துல இருக்கிற பறவை அந்த நேரத்துல என்ன பண்ணிக்கிட்டு இருந்துச்சு என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் கடைசியிலதான் வரும். சில நாள் வரவே வராது.

அந்தக் கேள்வியையே முதல் கேள்வியா வெச்சுக்கிட்டு வாழ்நாள் முழுக்கப் படம் எடுத்த ஒருத்தர் இதே சென்னையில இருந்தார். கேமரா கடையில வாங்கினதில்ல, அவரே ஒட்டுப்போட்டுக் கட்டினது. படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை. ஆனா அந்தப் படங்களைப் போட்டு, அதுக்குப் பக்கத்துல எழுதி, 46 வருஷம் நாட்டோட பேசிக்கிட்டே இருந்தார். பெயர் மா.கிருஷ்ணன். ஆங்கில வாசகர்களுக்கு எம்.கிருஷ்ணன்.

பெரிய கேமரான்னா என்ன பிரச்னை?

கிருஷ்ணன் கதைக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன கணக்கு. இது புரிஞ்சா அவர் செஞ்ச காரியத்தோட கனம் புரியும்.

விலை உயர்ந்த ஃபோன்கள்ல ஒரு இன்ச் சென்சார்னு விளம்பரம் பண்றாங்க இல்லையா, அதோட உண்மையான அளவு சுமார் 13-க்கு 9 மில்லிமீட்டர்தான். கல்யாண ஃபோட்டோகிராஃபர் கையில இருக்கிற ஃபுல் ஃப்ரேம் கேமராவுல சென்சார் 36-க்கு 24 மில்லிமீட்டர். மீடியம் ஃபார்மட் டிஜிட்டல் அதையும் தாண்டினது. ஃபியூஜிஃபில்ம் ஜி.எஃப்.எக்ஸ், ஹாசல்பிளாட் எக்ஸ் வரிசை கேமராக்கள்ல 44-க்கு 33 மில்லிமீட்டர். பரப்புல பார்த்தா ஃபுல் ஃப்ரேமைப்போல சுமார் 1.7 மடங்கு. ஃபிலிம் காலத்துல இந்த இடத்துல இருந்தது 120 ரோல். 6-க்கு 6 சென்டிமீட்டர் படம்னா ஒரு ரோலுக்கு 12 படம், அவ்வளவுதான்.

சென்சாரோ ஃபிலிமோ பெருசானா நுணுக்கம் கூடும். வெளிச்சத்துல இருந்து நிழலுக்குப் போற அந்த மெல்லிய மாற்றம் அழகா வரும். யானைத் தோலோட சுருக்கம் ஒவ்வொண்ணும் தனித்தனியா தெரியும். பெரிய சைஸுக்கு பிரின்ட் போட்டாலும் படம் உடையாது.

ஆனா காட்டுல இதுவே தலைவலி. படத்தோட பரப்பு பெருசாக ஆக, தூரத்துல இருக்கிற மிருகத்தை அதே அளவுக்கு நிரப்பிக் காட்ட லென்ஸும் நீளமாகணும். ஜி.எஃப்.எக்ஸ்ல 500 மி.மீ லென்ஸ் போட்டாலும் ஃபுல் ஃப்ரேம்ல 400 மி.மீ போட்ட மாதிரிதான் கிடைக்கும். கனம் ஏறும், வேகம் குறையும், ஃபோகஸ் நூல் பிசகினாலும் போச்சு. அதனாலதான் இன்னைக்கும் காட்டுயிர் படம் எடுக்கிறவங்கள்ல பெரும்பாலானவங்க மீடியம் ஃபார்மட் பக்கம் போறதில்ல. இயற்கைக் காட்சி, ஃபேஷன், ஸ்டூடியோன்னு அதுக்கு வேற உலகம் இருக்கு.

பெரிய கேமராவைத் தூக்கிட்டுக் காட்டுக்குள்ள போறவருக்கு முன்னாடி ஒரே ஒரு வழிதான் உண்டு. மிருகத்துக்குக் கிட்டப் போகணும். கிட்டப் போகணும்னா அதோட சுபாவம் தெரிஞ்சிருக்கணும். கிருஷ்ணன் அதைச் சின்ன வயசுலயே படிக்க ஆரம்பிச்சுட்டார்.

நரி ஊளையிட்ட மயிலாப்பூர்

மா.கிருஷ்ணன் பிறந்தது 1912 ஜூன் 30-ல், திருநெல்வேலியில். எட்டுப் பிள்ளைகள்ல கடைக்குட்டி. அப்பா யாருன்னு தெரிஞ்சா ஆச்சர்யப்படுவீங்க. தமிழ் நாவலோட ஆரம்ப காலத்து எழுத்தாளர்கள்ல ஒருத்தரான அ.மாதவையா. பத்மாவதி சரித்திரம் எழுதினவர். உப்பு இலாகாவுல வேலை பார்த்துக்கிட்டே தமிழ்லயும் ஆங்கிலத்துலயும் எழுதினார். வேலையை முன்கூட்டியே விட்டுட்டு வந்து, பஞ்சாமிர்தம்னு ஒரு பத்திரிகையும் நடத்தினார்.

குடும்பம் குடியிருந்தது மயிலாப்பூர். இன்னைக்கு அங்கே ஒரு பைக் நிறுத்த இடம் கிடைச்சாலே பெரிய விஷயம். அன்னைக்கு அந்தப் பக்கம் புதர்க்காடா இருந்துச்சு. பறவைகள் மட்டுமில்ல, நரியும் வெளிமானும்கூட உலாத்தின இடம். அந்த வயசுல கிருஷ்ணன் ஒரு கீரிப்பிள்ளையை வளர்த்தார். அவருக்குக் காடு என்பது லீவு போட்டு, டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்க்கிற இடம் இல்ல. வீட்டுக் கொல்லையிலயே ஆரம்பிச்சுடும். இந்தப் பார்வை கடைசி வரைக்கும் மாறல.

1925-ல் அப்பா போயிட்டார். சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்துல, கல்லூரிப் படிப்புல தமிழைக் கட்டாயப் பாடமாக்கணும்னு பேசி முடிச்ச கையோட மாதவையா சரிஞ்சு விழுந்து இறந்தார். அப்போ கிருஷ்ணனுக்கு வயசு 13.

அப்புறம் மாநிலக் கல்லூரி. 1931-ல் பி.ஏ முடிச்சு, தாவரவியல்ல எம்.ஏ. அங்கே அவருக்குக் கிடைச்ச ஆசிரியர், தென்னிந்திய மலைகளோட தாவரங்களைப் பத்திப் பெரிய நூல்கள் எழுதின பி.எஃப்.ஃபைசன். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் ஃபைசன் தம்பதியோட கூடவே போய் வந்தார் கிருஷ்ணன். செடிகளை அவர்கிட்ட கத்துக்கிட்டார். வாட்டர்கலர் ஓவியத்தை அந்த அம்மாகிட்ட கத்துக்கிட்டார். கையில கேமரா இல்லாத நேரத்துலயும் ஒரு பறவையோட நிற்கிற தோரணையை நாலு கோட்டுல பிடிக்கிற திறமை அவருக்கு இருந்துச்சு. தன் கட்டுரைகளுக்கு அவரே கோட்டோவியமும் போட்டார்.

ஆனா தாவரவியல் சோறு போடல. சட்டம் படிச்சு 1936-ல் பட்டமும் வாங்கினார். அதுவும் ஒட்டல. 1937-ல் இந்துமதியோட கல்யாணம். அப்புறம் அச்சகம், ஓவியப் பள்ளி, வானொலின்னு சில வருஷம் சின்னச் சின்ன வேலைகள். நம்ம காலத்துல இருந்திருந்தா, செட்டில் ஆகாத பையன்னு சொந்தக்காரங்க புலம்பியிருப்பாங்க.

சந்தூர்ல கிடைச்ச காடு

1942-ல் ஒரு திருப்பம். இன்னைக்குக் கர்நாடகத்துல பெல்லாரி பக்கம் இருக்கிற சந்தூர், அப்போ ஒரு குட்டி சமஸ்தானம். அங்கே கிருஷ்ணனுக்கு வேலை கிடைச்சது. வேலைன்னா ஒண்ணு இல்ல. பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மகாராஜாவுக்கு அரசியல் செயலாளர்னு ஒவ்வொரு காலத்துல ஒவ்வொரு நாற்காலி.

நாற்காலியைவிட அவரை இழுத்தது சுத்தியிருந்த குன்றும் முள்காடும்தான். மழைக்காட்டு அழகு எதுவும் இல்லாத வறண்ட நிலம். பார்க்கத் தெரியாதவங்களுக்கு அது வெறும் பொட்டல். கிருஷ்ணனுக்கு அது பள்ளிக்கூடமாச்சு. மணிக்கணக்கா ஒரே இடத்துல உட்கார்ந்து ஒரு உயிரை வேடிக்கை பார்க்கிற பொறுமை அங்கே முத்தியது. பார்த்ததை எழுதி, படம் எடுத்துப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார்.

சந்தூர் மன்னர் குடும்பத்தைச் சேர்ந்த எம்.ஒய்.கோர்படேயும் பின்னாள்ல கறுப்பு வெள்ளைக் காட்டுயிர் படங்களுக்குப் பெயர் வாங்கினார். கர்நாடகத்துல நிதி அமைச்சராவும் இருந்தார் என்பது தனிக் கதை.

1949-ல் சமஸ்தானம் இந்தியாவோட இணைஞ்சது. கிருஷ்ணன் சென்னைக்குத் திரும்பினார். வயசு 37-ஐத் தாண்டியாச்சு. குடும்பம் இருக்கு. இந்த இடத்துலதான் அவர் எடுத்த முடிவு முக்கியமானது. இனிமே மாசச் சம்பள வேலை கிடையாது. எழுத்தும் படமும்தான் பிழைப்பு. இன்னைக்கு இதை ஃப்ரீலான்ஸ்னு ஈஸியா சொல்லிடுறோம். 1950-ல், இந்தியாவுல, காக்காவைப் பத்தியும் அணிலைப் பத்தியும் எழுதியே குடும்பம் நடத்துறேன்னு ஒருத்தர் கிளம்பறது எப்பேர்ப்பட்ட துணிச்சல்னு யோசிச்சுப் பாருங்க.

சூப்பர் பாண்டரோசா

இப்போ அந்த கேமரா கதைக்கு வருவோம்.

காசு குறைவு. வெளிநாட்டு கேமராவும் லென்ஸும் நினைச்சபடி வாங்க முடியாது. அதனால கிருஷ்ணன் அவருக்கு வேண்டிய கேமராவை அவரே சேர்த்துக் கட்டினார். உடம்பு ஒரு கம்பெனி. லென்ஸ் வேற கம்பெனி. மத்த பாகங்கள் இன்னும் வேற வேற இடத்துல இருந்து வந்தது. எல்லாத்தையும் ஒண்ணாப் பொருத்தி ஒரு பெரிய, கனமான சாதனமா ஆக்கிட்டார். அதுக்கு அவர் வெச்ச பெயர்தான் சூப்பர் பாண்டரோசா.

பெயர்லயே குறும்பு இருக்கு. ஆங்கிலத்துல பாண்டரஸ்னா தூக்க முடியாத கனம்னு அர்த்தம். பாண்டரோசா என்பது ஓங்கி வளர்ற ஒரு பைன் மரத்தோட தாவரவியல் பெயரும்கூட. வெச்சவர் தாவரவியல் எம்.ஏ.

அஸ்ஸாமில் தேயிலைத் தோட்டம் நடத்தின ஈ.பி.ஜீ என்ற ஆங்கிலேயர், இந்தியக் காட்டுயிர்களைப் பத்தி 1964-ல் ஒரு புகழ்பெற்ற புத்தகம் எழுதினார். கிருஷ்ணனோட சேர்ந்து காட்டு யானைகளைப் படமெடுக்கப் போன அனுபவம் அவருக்கு உண்டு. அந்த கேமராவைப் பார்த்து அசந்துபோன ஜீ, உள்ளே எங்கேயாவது ஷூ கயிறும் கம்பியும் வெச்சுக் கட்டியிருப்பாரோன்னு கிண்டலா எழுதினார். அதே மூச்சுல, அதுல வர்ற படங்கள் முதல் தரம்னும் ஒப்புக்கிட்டார்.

இதே காலத்துல உலகத்தோட இன்னொரு மூலையில நடந்ததையும் பக்கத்துல வெச்சுப் பார்க்கலாம். ஸ்வீடன் நாட்டு கோத்தன்பர்க்ல விக்டர் ஹாசல்பிளாட்னு ஒருத்தர். 1906-ல் பிறந்தவர். அவரும் பறவைப் பைத்தியம். வலசைப் பறவைகளைப் பத்தி 1935-லேயே படங்களோட புத்தகம் போட்டவர். இரண்டாம் உலகப்போர் சமயத்துல ஸ்வீடன் விமானப்படைக்கு கேமரா செஞ்சு கொடுத்தார். போர் முடிஞ்சதும் அவர் ஆசைப்பட்டது, கையில தூக்கிட்டுப் போகக்கூடிய, லென்ஸையும் ஃபிலிம் பெட்டியையும் மாத்திக்கக்கூடிய ஒரு மீடியம் ஃபார்மட் கேமரா. 1948 அக்டோபர்ல நியூயார்க்ல அதை வெளியிட்டார். 1969-ல் அப்போலோ 11-ல் நிலாவுக்குப் போனது அந்தக் குடும்பத்து கேமராதான். 2021-ல் இருந்து ஒன்பிளஸ் ஃபோன்கள்லயும் அடுத்து ஓப்போ ஃபோன்கள்லயும் கேமரா பக்கத்துல நீங்க பார்த்த பெயரும் அதுதான்.

ஹாசல்பிளாட்டுக்குப் பின்னாடி தலைமுறைகளா நடந்துவந்த குடும்ப வியாபாரம் இருந்துச்சு. தொழிற்சாலை இருந்துச்சு. கிருஷ்ணனுக்கு இருந்தது எட்வர்ட் எலியட்ஸ் ரோட்டுல, அதாவது இன்னைக்கு டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில, ஒரு வீடு மட்டும்தான். ரெண்டு பேரையும் கேமரா செய்யத் தூண்டினது ஒரே ஏக்கம்தான். கடையில இருக்கிற கருவி, காட்டுல இவங்க பார்க்கிறதுக்குப் பத்தல.

கலர் வந்தும் கறுப்பு வெள்ளை

கிருஷ்ணன் வாழ்நாள்லயே கலர் ஃபிலிம் வந்து, பரவி, பத்திரிகை அட்டைகளைப் பிடிச்சாச்சு. அவர் மாறல. கறுப்பு வெள்ளையிலயே நின்னார். ஃபிலிம் கழுவுறது, பிரின்ட் போடறது எல்லாம் அவரோட சொந்த வேலை.

இது வெறும் பிடிவாதம்னு சொல்லிட முடியாது. காட்டு மிருகங்கள்ல பலதோட நிறமே ஒளிஞ்சுக்கிறதுக்கு உண்டானது. புள்ளிமான் மேல இருக்கிற புள்ளி, இலை நடுவுல விழற வெயிலோட கலந்துபோயிடும். காட்டெருமை நிழலோட நிழலா நிற்கும். கலரை எடுத்துட்டா மிஞ்சுறது உருவமும் வெளிச்சமும். கொம்பு எங்கே ஆரம்பிக்குது, காது எந்தப் பக்கம் திரும்பியிருக்கு, எடை எந்தக் கால்ல இருக்கு என்பதெல்லாம் அப்போதான் கண்ணுல படும். வரையத் தெரிஞ்ச கைக்கு அது ரொம்பப் பழக்கமான மொழி.

முதுமலை மாதிரியான காடுகள்ல அவர் நடந்தும் போனார், பழக்கின யானை மேல உட்கார்ந்தும் போனார். யானை மேல போறதுல ஒரு சூட்சுமம் இருக்கு. மனுஷனைக் கண்டா ஓடற மான்கூட யானையைக் கண்டு அவ்வளவா பதறாது. அதனால கிட்டப் போக முடியும். ஆனா யானை நின்ன இடத்துலயும் லேசா அசைஞ்சுக்கிட்டே இருக்கும். அது மேல உட்கார்ந்து, தானா ஃபோகஸ் பண்ணாத, கனமான ஒரு கேமராவைக் கண்ணுல வெச்சு, ஒவ்வொரு படத்துக்கும் மூச்சைப் பிடிக்கணும். இன்னைக்கு ஒரு செகண்டுக்கு 20, 30 படம் அடிச்சுட்டு, ரூமுக்கு வந்து நல்லதைப் பொறுக்கலாம். அவருக்கு அந்த வசதி இல்ல. அடுத்து மிருகம் என்ன செய்யும்னு முன்கூட்டியே ஊகிச்சாதான் படம். ஊகம் தப்பினா ஃபிலிமும் போச்சு, அதுக்குக் கொடுத்த காசும் போச்சு.

ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு, 46 வருஷம்

எடுத்த படத்தை என்ன செஞ்சார்? இங்கேதான் இந்தக் கதையோட மையம் இருக்கு.

1950-ல் கல்கத்தாவிலிருந்து வந்த ஸ்டேட்ஸ்மேன் நாளிதழ்ல கன்ட்ரி நோட்புக் என்ற பத்தியைத் தொடங்கினார். ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு. கணக்குப் போட்டா ஆயிரத்தைத் தாண்டும். யானையும் காட்டெருமையும் மட்டும்தான் வரும்னு நினைக்காதீங்க. காக்கா வரும். சுவத்துப் பல்லி வரும். கீரி, அணில், மைனா, எல்லாம் வரும். 1961-ல் வந்த அவரோட புத்தகத்தின் பெயரே காடும் கொல்லைப்புறமும் என்ற அர்த்தத்துல இருக்கும்.

அவர் படம் போட்டா கூடவே விஷயமும் வரும். எந்த இடம், எந்தப் பருவம், மிருகம் என்ன செஞ்சுது, அது வழக்கமா அப்படித்தான் செய்யுமா, இல்ல இவர் பார்த்தது விதிவிலக்கா? தான் கண்ணால பார்த்தது எது, அடுத்தவங்க சொல்லிக் கேட்டது எது என்பதைக் கலக்காம எழுதினார். பழைய வேட்டைக்காரங்க விட்டுட்டுப் போன சாகசக் கதைகளுக்கும் இவர் எழுத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். அந்தக் கதைகள்ல ஹீரோ துப்பாக்கி வெச்சிருந்தவர். கிருஷ்ணன் எழுத்துல ஹீரோ எப்பவும் எதிர்ல நிற்கிற உயிர்தான்.

கருத்து சொல்றதுலயும் தயவு தாட்சண்யம் பார்க்க மாட்டார். வெளிநாட்டுப் பூமரங்களைக் கொண்டுவந்து நட்டுட்டு ஊரைப் பசுமையாக்கிட்டோம்னு சொல்றது அவருக்குப் பிடிக்காது. இந்த மண்ணுல, இந்த வெயில்ல, எந்தக் கவனிப்பும் இல்லாம தானா நிற்கிற மரம்தான் இந்த நாட்டோட அடையாளம்னு திரும்பத் திரும்ப வாதாடினார். நாட்டுப்பற்றுன்னா இந்த நாட்டு மரம், விலங்கு, பறவை மேலயும் பற்று இருக்கணும் என்பது அவர் நிலைப்பாடு.

தமிழ்லயும் எழுதினார். அந்தக் கட்டுரைகள் மழைக்காலமும் குயிலோசையும் என்ற தொகுப்பா தியடோர் பாஸ்கரன் முயற்சியில வந்திருக்கு. பறவைகளும் வேடந்தாங்கலும் என்ற இன்னொரு தொகுப்பைப் பெருமாள்முருகன் பதிப்பிச்சார். போதாக்குறைக்கு, கதிரேசன் செட்டியாரின் காதல்னு ஒரு துப்பறியும் நாவலும் எழுதினார். சின்னத் தடயத்தை வெச்சு நடந்ததைக் கண்டுபிடிக்கிறவருக்கு அது கைவந்த கலைதானே!

படம் எப்போ சாட்சி ஆகுது?

கிருஷ்ணன் படம் எடுத்த காலத்தை நினைவுல வெச்சுக்கணும். இந்தியாவுல சிவிங்கிப்புலி அழிஞ்சுபோச்சுன்னு 1952-ல் அறிவிச்சாங்க. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-ல்தான். புலிகள் பாதுகாப்புத் திட்டம் 1973-ல். அதுக்கு முன்னாடி வேட்டைக்கு லைசென்ஸ் கிடைச்ச காலம். அணைக்காகவும் தேயிலைக்காகவும் காடு வேகமா கைமாறின காலம். எந்த மிருகம் எங்கே, எந்த நிலைமையில மிச்சம் இருக்குன்னு முழுசா யாரும் போய்ப் பார்க்காத காலம்.

1968-ல் அவருக்கு ஜவாஹர்லால் நேரு ஃபெலோஷிப் கிடைச்சது. தென்னிந்தியத் தீபகற்பத்துக் காடுகள்ல பெரிய பாலூட்டிகளோட நிலைமையை ஆராயற வேலை. காடு காடா போனார். அதோட விளைவா, 1959-லிருந்து 1970 வரைக்குமான நிலைமையைச் சொல்ற ஒரு நூல், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தோட வெளியீடா 1975-ல் வந்தது. அழகான படங்களோட ஆல்பம்னு அதை ஒதுக்கிட முடியாது. இந்த வருஷங்கள்ல இந்தக் காட்டுல இந்த உயிர் இப்படி இருந்துச்சுன்னு சொல்ற ஆவணம் அது.

1970-ல் பத்மஸ்ரீ. இந்திய வனவிலங்கு வாரியத்துல உறுப்பினர். 1995-ல் ஐ.நா சுற்றுச்சூழல் திட்டத்தோட குளோபல் 500 கௌரவம். விருதுகளை எண்ணினா இவ்வளவுதான். மயிலாப்பூர்லயே அவரைப் பெரும்பாலானவங்களுக்குத் தெரியாம இருந்துச்சு.

இப்போ நம்ம பக்கம் வருவோம். வேடந்தாங்கலையே எடுத்துக்கலாம். அந்த ஏரியில நிற்கிற நீர்க்கடம்பு மரங்கள்ல நத்தைகுத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் நீர்க்காகமும் கூடு கட்டும். எச்சம் தண்ணில விழும். அந்தத் தண்ணி வயலுக்குப் பாயும்போது உரமாகும். இதைப் புரிஞ்சுக்கிட்ட ஊர்க்காரங்க 18-ம் நூற்றாண்டோட கடைசியிலயே, இங்கே யாரும் பறவையைச் சுடக்கூடாதுன்னு வெள்ளைக்கார கலெக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டாங்க. அந்த ஊரையும் அந்தப் பறவைகளையும் பத்தித் தமிழ்ல எழுதி, படிக்கிறவங்களுக்குப் பழக்கப்படுத்தினவர்கள்ல முக்கியமானவர் கிருஷ்ணன். வேடந்தாங்கலும் பள்ளிக்கரணையும் 2022-ல் ராம்சார் பட்டியல்ல சேர்ந்தபோது நமக்குப் பெருமையா இருந்துச்சு. ஆனா பள்ளிக்கரணை அதுக்குள்ள பழைய பரப்புல பெரும்பகுதியை ரோட்டுக்கும் கட்டடத்துக்கும் குப்பைமேட்டுக்கும் கொடுத்து முடிச்சிருந்தது.

ஒரு ஏரி சுருங்கிடுச்சுன்னு சொன்னா, முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு எதிர்க்கேள்வி வரும். அதுக்குப் பதில் சொல்ல யாராவது பார்த்திருக்கணும், படம் எடுத்திருக்கணும், தேதியும் இடமும் போட்டு எழுதி வெச்சிருக்கணும். ராஜகீழ்ப்பாக்கம் ஏரியில இன்னைக்கு நீங்க எடுக்கிற ஒரு தாழைக்கோழி படத்துக்கும் அந்த வேலை உண்டு. அது 100 மெகாபிக்ஸல் மீடியம் ஃபார்மட்ல எடுத்ததா, ஃபோன்ல எடுத்ததா என்பது ரெண்டாவது விஷயம். பெரிய சென்சார் கால் விரலைக்கூடத் தெளிவா காட்டும், சந்தேகமே இல்ல. ஆனா அது எந்த வருஷம், எந்த ஏரி, குஞ்சு எத்தனை, எதைத் தின்னுச்சு என்பதை எந்த சென்சாரும் சொல்லாது. அதை நீங்கதான் சொல்லணும். குரூப்ல படம் போடும்போது லென்ஸ் பெயருக்கு முன்னாடி இந்த நாலு விவரத்தையும் ஒரு வரியில போட்டுப் பாருங்க. அதுக்குக் கீழ வர்ற பேச்சே வேற மாதிரி இருக்கும்.

கடைசிப் பத்தி

கிருஷ்ணனோட பல கட்டுரைகள் அவர் மறைவுக்குப் பிறகுதான் புத்தகங்களாச்சு. 2000-ல் ராமச்சந்திர குஹா ஒரு தொகுப்பு கொண்டுவந்தார். அவரோட படங்களுக்குன்னே ஒரு பெரிய புத்தகம் 2006-ல் வந்தது. அதைத் தொகுத்தவங்க ஆஷிஷ் சாந்தோலா, சாந்தி சாந்தோலா, அவங்களோட காட்டுயிர் ஃபோட்டோகிராஃபர் டி.என்.ஏ.பெருமாள். மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி இளைஞர்களோட இயற்கை எழுத்துக்கு இவர் பெயர்ல விருது கொடுக்குது.

அந்தப் படங்களை இன்னைக்குப் புரட்டினா ஒரு விஷயம் புரியும். இப்போ வர்ற படங்களோட கூர்மை எல்லாத்துலயும் இருக்காது. சிலதுல புல் மறைக்கும், சிலதுல வெளிச்சம் பத்தாது. ஆனா யானை தன் கூட்டத்தோட ஆத்துல நிற்கும்போது எது எதைப் பார்த்துக்கிட்டு நிற்குதுன்னு தெரியும். அந்த நேரத்துல அந்த மிருகத்துக்கு என்ன முக்கியமா இருந்துச்சோ அது படத்துல இருக்கும்.

46 வருஷத்துல நாடு எவ்வளவோ பார்த்தாச்சு. போர் வந்தது, எமர்ஜென்சி வந்தது, டி.வி வந்தது, கலர் வந்தது. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை சென்னையிலிருந்து அந்தப் பத்தியும் போய்க்கிட்டே இருந்தது. 1996 பிப்ரவரி 18, ஞாயிற்றுக்கிழமை. அன்னைக்கும் ஸ்டேட்ஸ்மேன்ல கன்ட்ரி நோட்புக் வந்திருந்தது. அதே நாள்ல, தன்னோட 83-வது வயசுல, மா.கிருஷ்ணன் காலமானார்.